காலணிக் கடைக்காரரின் காகிதக் குழாய்

மலை ரயிலில் குன்னூரை விட்டு ஊட்டிப் பக்கம் கிளம்பினால் வெலிங்டன், அதற்கடுத்து அரவங்காடு. அங்கேதான் கார்டைட் ஃபேக்டரி இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், காட்டேரி அருவித் தண்ணீரில் எடுத்த மின்சாரத்தைக் கொண்டு ஓடத் தொடங்கிய ஆலை. இன்றும் நடக்கிறது, 2021 அக்டோபரிலிருந்து மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்திருக்கிறது. கார்டைட் என்பது நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் கொஞ்சம் வாஸலினும் சேர்ந்த புகை குறைந்த மருந்து. 1889-இல் பிரிட்டனில் ஏபெல், டூவர் என்ற இரண்டு வேதியியல் அறிஞர்கள் உருவாக்கியது. அரவங்காட்டில் மூன்று தலைமுறையாக அந்த வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். தீப்பெட்டியும் பீடியும் கேட்டோடு சரி, உள்ளே போகாது. மருந்து மதிலோடு சரி, வெளியே வராது.

இந்த ஒரே விதியின் மேல்தான் மாடல் ராக்கெட் என்ற பொருளும் பிறந்தது. அரவங்காட்டுக்கும் அதற்கும் நேரடி உறவு எதுவும் கிடையாது. ஆனால் இந்த மலையில் இருப்பவர்களுக்கு அந்தக் கதை சட்டென்று புரியும் என்பதால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

வெளிநாட்டுச் சித்தப்பாவோ மாமாவோ வாங்கிவரும் ராக்கெட் கிட் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது இவ்வளவுதான்: ஒரு காகிதக் குழாய், பிளாஸ்டிக் மூக்குக் கூம்பு, இறக்கை வெட்ட ஒரு பால்சா மரத்தகடு, மெல்லிய பாராசூட், ஒரு ரப்பர் நாடா, ஸ்ட்ரா மாதிரி ஒரு துண்டு. ராக்கெட்டை ராக்கெட் ஆக்குகிற மோட்டார் இருக்காது. அது தனி விற்பனை. விமானத்தில் கொண்டுவரவும் விடமாட்டார்கள். பையனுக்கு முகம் வாடிவிடும், அப்பாவுக்கு ஏமாந்துவிட்ட எண்ணம் வரும். உண்மையில் மோட்டாரைத் தனியாக வைத்ததுதான் கண்டுபிடிப்பே. மற்றதெல்லாம் காகிதம்.

மருந்தும் உடம்பும் ஒன்றாக இருந்த காலம் மிக நீண்டது. நம் பக்கத்து உதாரணமே போதும். நீலகிரி 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்த மலை. ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகளின் ராக்கெட்டுகளுக்கு இரும்புக் குழாய் உறை, அதனோடு கட்டிய நீண்ட மூங்கில். காகிதத்தாலும் மூங்கிலாலும் செய்த உறை தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது; மருந்தை இறுக்கி அடைக்க முடிந்தது; தூரம் கூடியது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தபோது, ராக்கெட் பட்டு அவர்களுடைய மருந்து வண்டிகள் வெடித்ததாகச் சொல்வார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அந்தக் குழாய்கள் இங்கிலாந்துக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் அவற்றைப் பார்த்துத் தன் ராக்கெட்டை அமைத்தார்.

போருக்கு இரும்பு சரி. விளையாட்டுக்கு இரும்பு எமன். காகிதக் குழாய் வெடித்தால் கிழியும். இரும்புக் குழாய் வெடித்தால் ஒவ்வொரு துண்டும் குண்டு. 1950-களில் அமெரிக்கப் பையன்கள் இதைத்தான் கற்றுக்கொண்டிருந்தார்கள், பலர் உடம்பைக் கொடுத்து. 1957 அக்டோபர் 4-இல் ஸ்புட்னிக் பறந்ததும் வீட்டுக்கு வீடு ராக்கெட் பைத்தியம். பழைய இரும்புக் குழாயை எடுப்பது, அதில் கையில் கிடைத்த ரசாயனத்தை அடைப்பது, கொல்லையில் நின்று கொளுத்துவது. மேற்கு வர்ஜீனியாவின் கோல்வுட் சுரங்க ஊரில் ராக்கெட் விட்ட ஹோமர் ஹிக்கமின் கதை பின்னாளில் 'அக்டோபர் ஸ்கை' என்று படமாக வந்தது. நல்ல படம். ஆனால் விரலையும் கண்ணையும் பறிகொடுத்த பையன்களைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

இந்தப் பைத்தியம் உச்சிக்கு ஏறுவதற்கு முன்பே, 1954-இல், விடை ஒரு செருப்புக் கடையில் தயாராகிவிட்டது. நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற சிற்றூர். அங்கே காலணிக் கடை வைத்திருந்தவர் ஆர்வில் கார்லைல். வாணவேடிக்கை அவருடைய பொழுதுபோக்கு. முறையாகக் கற்று உரிமத்தோடு செய்தவர். அவருடைய சகோதரர் ராபர்ட்டுக்கோ மாதிரி விமானத்தில் பித்து. விமானத்தைப் பற்றிப் பேசப் போகும் இடங்களில் ராக்கெட் உந்துவிசையைக் கண்ணெதிரே காட்ட ராபர்ட்டுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. ஒருவருக்கு மருந்து தெரியும், இன்னொருவருக்கு பறக்கும் உடம்பு தெரியும். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தது நம் அதிர்ஷ்டம்.

கார்லைல் செய்தது மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரண வேலை. மருந்தைச் சிறு காகிதக் குப்பியில் அடைத்தார். அடியில் களிமண் துவாரம். நம்மூர்த் தீபாவளி ராக்கெட்டிலும் இதே மூன்றுதான்: காகிதம், களிமண், கரிமருந்து. வித்தியாசம் என்னவென்றால், சிவகாசி ராக்கெட்டுக்கு மருந்துக் குழாயே உடம்பு. ஒரு தடவை போனால் போனதுதான். குச்சி யார் வீட்டு ஓட்டில் விழும் என்று வைத்தவருக்கே தெரியாது. கார்லைல் குப்பியை உடம்பிலிருந்து பிரித்தார். காகிதத்திலும் பால்சாவிலும் லேசான உடம்பு ஒன்று. வாலில் குப்பியைச் சொருகலாம், எரிந்ததும் உருவிப் போடலாம். குச்சிக்குப் பதில் இறக்கைகள். மருந்து தீர்ந்தபின் ராக்கெட் சில நொடி தன் வேகத்திலேயே மேலே போகும். அதன்பின் அதே குப்பியின் முன்பக்கத்தில் இருக்கும் சிறு மருந்து பற்றி மூக்கைத் தள்ளிவிட்டு பாராசூட்டை வெளியே எறியும். உடம்பு பத்திரமாக இறங்கும். அடுத்த குப்பியைச் சொருகலாம். இதற்கு அவர் வாங்கிய அமெரிக்கக் காப்புரிமை 1958 ஜூலையில் வந்தது.

பேர் சொல்லும் இன்னொருவர் ஜி. ஹாரி ஸ்டைன். நியூ மெக்ஸிகோவின் வொயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்தவர். ராக்கெட் வேலையின் பாதுகாப்பைப் பற்றி 1957 தொடக்கத்தில் ஒரு பத்திரிகையில் அவர் எழுதியதைப் படித்துவிட்டு, கார்லைல் தன் ராக்கெட்டுகளை அவருக்குத் தபாலில் அனுப்பினார். ஏவுகணைத் தளத்து ஆளுக்குக் காலணிக் கடைக்காரர் பொம்மை அனுப்புகிறார்! ஸ்டைன் அதைக் குப்பையில் போடாமல் எடுத்துப் பறக்கவிட்டார் என்பதற்காகவே அவருக்கு ஒரு சல்யூட் வைக்கலாம். கொல்லைப்புற வெடிப்புகளுக்கு மருந்து இதுதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த ஆண்டே டென்வரில் கிட் விற்கும் கம்பெனி, கூடவே ராக்கெட் ஆர்வலர் சங்கம், ஒரு பாதுகாப்பு விதித்தொகுப்பு. அந்த விதிகளின் முதுகெலும்பு இன்றும் மாறவில்லை: உடம்பு, மூக்கு, இறக்கை எதிலும் உலோகம் கூடாது, மோட்டாரை ஆலையில் செய்ததாக மட்டுமே வாங்க வேண்டும், திரி வைத்துக் கையால் பற்றவைக்காமல் தள்ளி நின்று மின்சாரத்தால் பற்றவைக்க வேண்டும்.

கிட் விற்றது. மோட்டார் போதவில்லை. வாணவேடிக்கைத் தொழில் குடும்பத்துப் பிள்ளையான வெர்ன் எஸ்டஸிடம் ஸ்டைன் போனார். எஸ்டஸ் கையால் அடைக்கிற வேலையை இயந்திரத்திடம் விட்டார். 'மேபல்' என்று செல்லப்பெயர் வைத்த அந்த இயந்திரம் ஐந்தரை நொடிக்கு ஒரு மோட்டார் துப்பியது. இப்போது மோட்டார் மிஞ்சியது, வாங்க ஆள் போதவில்லை! எஸ்டஸ் தபால் வழியில் நேராகப் பிள்ளைகளுக்கே விற்க ஆரம்பித்தார். கொலராடோவின் பென்ரோஸ் ஊருக்கு அவர் குடிபெயர்ந்ததும், எஸ்டஸ் என்ற பெயர் மாடல் ராக்கெட்டுக்கே மறுபெயர் ஆனதும் இப்படித்தான். மோட்டார்மேல் அச்சிடும் ஏ8-3 போன்ற குறியில் எல்லாம் அடங்கும்: எழுத்து மொத்த உந்துதலின் வகுப்பு, நடு எண் சராசரி விசை நியூட்டனில், கடைசி எண் பாராசூட்டுக்கு முன்னால் எத்தனை நொடித் தாமதம் என்பது. ஒரு குப்பிபோலவே அடுத்த குப்பியும் எரியும் என்ற உறுதி வந்ததும், உடம்பை என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கும் துணிச்சல் பிள்ளைகளுக்கு வந்தது. கிட்டை மாற்றி அமைக்கும் கலை பிறந்தது அங்கேதான்.

நம் நாட்டுக் கதையிலும் இதன் சாயல் உண்டு. 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. ஒரு பழைய தேவாலயம்தான் அங்கே அலுவலகம், வேலைக்கூடம் எல்லாம். வந்ததைப் பூட்டிப் பறக்கவிட்ட அதே கைகள் நான்கு ஆண்டில், 1967 நவம்பர் 20-இல், 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள சொந்த ரோகிணியை விட்டன. கிட்டில் தொடங்குவது கேவலமில்லை.

சரி, நீலகிரி வீட்டுக்கு வருவோம். கிட் பெட்டி மேஜையில் இருக்கிறது. பாதிப் பொருள் உடைந்தோ தொலைந்தோ போயிருக்கும். வீட்டுக் குப்பையில் மாற்று இருக்கிறதா?

குழாய்க்கு இருக்கிறது. அலுமினிய ஃபாயில் சுருளின் அட்டைக் குழல் உடனே கண்ணில் படும், ஆனால் அது கனம். அதைவிட, தேவையான பருமனில் ஒரு கம்பைச் சுற்றி நான்கைந்து சுற்று பழைய காலண்டர்த் தாளை ஒட்டிச் சுருட்டினால் லேசாகவும் உறுதியாகவும் வரும். சமவெளிக்காரர்கள் இதற்கு மைதாப் பசை காய்ச்சுவார்கள். ஆடி மாத ஊட்டியில் மைதாப் பசை காயவே காயாது. மூன்றாம் நாள் பூஞ்சை பூத்து நிற்கும். ஃபெவிக்கால்தான் கதி. அதுவும் ஒவ்வொரு சுற்றாகத் தடவி, அடுப்படியில் தொங்கவிட்டு, காய்ந்தபின் மேலே ஒரு கை வார்னிஷ் பூச வேண்டும். பூசாமல் விட்ட குழாய் மூடுபனியைக் குடித்து ஊதிவிடும், மூக்கு உள்ளே இறங்காது. இங்கே காகிதத்துக்கு முதல் எதிரி நெருப்பு கிடையாது, ஈரம்.

பால்சாவுக்குப் பதில் கல்யாணப் பத்திரிகை. வர்க்கியும் ஹோம்மேட் சாக்லேட்டும் வாங்கிய பெட்டி அட்டையும் ஆகும். ஒற்றை அட்டை காற்றில் படபடக்கும். ஒன்றன் இழை நீளவாட்டில், மற்றதன் இழை குறுக்குவாட்டில் இருக்கும்படி இரண்டை ஒட்டி, மேலே புத்தகம் அடுக்கி ஓரிரவு விட்டால் விறைப்பு வந்துவிடும். மூக்குக்கு டிவி பெட்டியில் வந்த தெர்மோகோலைச் செதுக்கலாம். ஆனால் அதைக் குழாயோடு ஒட்டும் அவசரத்தில் ஃபெவிக்விக்கை எடுத்துவிடாதீர்கள். தொட்ட இடத்தில் தெர்மோகோல் கரைந்து குழியாகும்.

பாராசூட்டுக்குப் புடவைக் கடையில் தரும் மெல்லிய உறை அருமையான பொருள். இருந்தும் இந்த மலையில் நான் பாராசூட்டுக்கு வாக்களிக்கமாட்டேன். காற்று பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் ஊர் இது. பாராசூட் விரிந்த ராக்கெட் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி சோலைக்குள் போய் மரத்தின் உச்சியில் உட்கார்ந்துவிடும். தேடப் போனால் காட்டெருமை நிற்கும். அகலத்தைப்போல் பத்து மடங்கு நீளத்தில் ஒரு நாடா போதும். பழைய வண்ண க்ரேப் தாளில் வெட்டலாம். வேகமாக இறங்கும், ஆனால் விட்ட இடத்துக்குப் பக்கத்தில் இறங்கும். தேயிலைச் செடியின் பச்சையில் சிவப்பு நாடா நன்றாகத் தெரியவும் செய்யும். வெளித்தள்ளும் மருந்தின் சூடு நாடாவைக் கருக்காமல் இருக்க இடையில் தீப்பற்றாத அடைப்பு வைப்பார்கள். அது இல்லாத நேரத்தில் பச்சைக் கீரை இலையைத் திணித்தவர்களும் உண்டு.

இத்தனை மாற்றத்திலும் பிள்ளைகள் கோட்டை விடுவது எடையில். கல்யாணப் பத்திரிகை பால்சாவைவிடக் கனம். அந்தக் கனம் ஏறுவது வாலில். ராக்கெட்டுக்கு எடை மையம் ஒன்று, காற்றழுத்த மையம் ஒன்று. எடை மையம் முன்னாலும் காற்றழுத்த மையம் பின்னாலும், குறைந்தது குழாயின் ஒரு விட்ட அளவு இடைவெளியில் இருந்தால்தான் நேராகப் போகும். வால் கனத்து எடை மையம் பின்னால் நகர்ந்தால், கிளம்பிய இரண்டாவது நொடியில் கரணம் அடித்து ஆட்கள் பக்கம் திரும்பும். எஸ்டஸின் முதல் கிட்டான அஸ்ட்ரான் ஸ்கவுட்டில் இதையே தந்திரமாக்கினார்கள்: உச்சியில் மோட்டார் பின்னால் நகரும், ராக்கெட் நிலைகுலைந்து உருண்டு உருண்டு மெதுவாக இறங்கும், பாராசூட்டே தேவையில்லை. இறங்கும்போது நல்லது, ஏறும்போது ஆபத்து.

கண்டுபிடிக்கும் வழி எளிது. ராக்கெட்டின் பக்கவாட்டு உருவத்தை அதே அளவில் அட்டையில் வெட்டி, ஸ்கேல் விளிம்பில் நிறுத்துங்கள். அட்டை சமநிலையில் நிற்கும் இடத்தைக் காற்றழுத்த மையம் என்று கொள்ளலாம். 1966-இல் நாசாவின் ஜேம்ஸ் பாரோமேன் சரியான கணக்கைத் தந்தபின் கணினி வைத்திருப்பவர்கள் அட்டையை விட்டுவிட்டார்கள். ஆனால் அட்டை முறை ஜாக்கிரதைப் பக்கமாகவே பிழை செய்யும் என்பதால் பள்ளிக்கூடத்துக்கு அதுவே மேல். பிறகு மோட்டார் எடையோடு ராக்கெட்டை விரல்மேல் நிறுத்துங்கள். எடை மையம் போதிய அளவு முன்னால் இல்லையென்றால், குழாய் ஒழுகலுக்கு வாங்கி மிஞ்சிய எம்-சீலை உருட்டி மூக்கினுள் அப்புங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எதிர்ப்பு குறைவதால் அதே ராக்கெட் இங்கே கொஞ்சம் கூடுதலாகவே ஏறும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு முக்கியமானதை மறைக்கக்கூடாது. மோட்டார் நம் ஊர்க் கடையில் கிடைக்கும் பொருள் கிடையாது. 1884-ஆம் ஆண்டு வெடிமருந்துச் சட்டமும் 2008 விதிகளும் உள்ள நாடு இது. இறக்குமதிக்கு உரிமம் வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் மலை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை உறைபனியில் கருகிய புல்லில் ஒரு பொறி விழுந்தால் காடு போகும். மற்ற மாதங்களில் மேகம் தலைக்கு மேலேயே நிற்கும். மேகத்துக்குள் ராக்கெட் விடக்கூடாது என்பதும் விதி. எனவே நீலகிரியில் நெருப்பு ராக்கெட் வேண்டாம் என்பது என் தீர்ப்பு.

பதிலுக்குத் தண்ணீர் ராக்கெட்டைச் சொல்வார்கள்: சோடா பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதியில் சைக்கிள் பம்பின் காற்று. நத்தானியல் வைத் 1973-இல் காப்புரிமை பெற்ற பெட் பாட்டில் குளிர்பானத்தின் அழுத்தத்தைத் தாங்கப் பிறந்ததால் இதையும் தாங்கும். ஆனால் சுப்ரியா சாகு ஆட்சியராக இருந்த காலத்திலிருந்து பிளாஸ்டிக்கை விரட்டிக்கொண்டிருக்கும் மாவட்டத்தில், தண்ணீர் பாட்டிலுக்கே தடை இருக்கும்போது, வகுப்புக்கு நாற்பது பாட்டில் கொண்டுவா என்று எந்த ஆசிரியர் சொல்வார்? ஒரே ஒரு பழைய பாட்டில் போதும், அது ராக்கெட்டாகவும் வேண்டாம். அதன் வாயில் ஒரு பிவிசி குழாயைப் பொருத்தி மறுமுனையை மேல்நோக்கி நிறுத்துங்கள். காலண்டர்த் தாளில் சுருட்டிய ராக்கெட்டை அதன்மேல் மாட்டி, பாட்டிலை ஓங்கி மிதித்தால் காற்று ராக்கெட்டை அடித்துக் கிளப்பும். பாட்டிலை ஊதி நிமிர்த்தி அடுத்த பிள்ளையிடம் கொடுக்கலாம். கார்லைல் பிரித்துவைத்த அதே பிரிவினை இதிலும் இருக்கிறது: உந்துவது தனி, பறப்பது தனி. இறக்கை, எடை மையம், மூக்குக் கனம் எல்லாப் பாடமும் நெருப்பு இல்லாமல் கிடைத்துவிடும்.

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு மிஞ்சிய பட்டாசைப் பிரித்து மருந்து எடுக்கும் பையன் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவன் இருப்பான். அவனைத் திட்டி அனுப்பாமல் கையில் ஒரு கல்யாணப் பத்திரிகையும் கத்தரிக்கோலும் கொடுங்கள். ராக்கெட்டை எட்டிப் பார்த்துக்கொண்டே மிதிக்க யாரையும் விடாதீர்கள். பள்ளத்தாக்குக் காற்று எழுவதற்கு முன், காலை ஒன்பது மணிக்குள், மைதானத்தில் விட்டு முடித்துவிடுங்கள்.